சீன இசைக்குழுவில் செல்லோவுக்கு என்ன வேலை?

கேள்வி கேட்டவர் ஒரு சீன இசைக்குழுவின் கச்சேரியைக் காணொளியில் பார்த்திருக்கிறார். எர்ஹு என்ற இரண்டு தந்தி வில் வாத்தியமும் பீபா என்ற மீட்டும் வாத்தியமும் வரிசை வரிசையாக இருக்க, ஓரத்தில் செல்லோ, டபுள் பாஸ் என்ற பெரிய மேற்கத்திய வில் வாத்தியங்கள், பின்னால் டிம்பனி மேளங்கள் எல்லாம் இருந்தனவாம். முன்னால் கோட்டு போட்ட ஒருவர் கையில் கோலோடு நின்று நடத்தினாராம். “இது சீனர்களின் மரபிசையா, இல்லை மேற்கத்திய சிம்பொனிக்குச் சீன உடை போட்டிருக்கிறார்களா?” என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. இப்படி ஒரு பெரிய குழு எவ்வளவு பழையது என்பது ஒன்று. அதில் இருக்கும் வாத்தியங்கள் பழையபடிதான் ஒலிக்கின்றனவா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வருடக்கணக்கில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் உண்மையான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நான் சிங்கப்பூரில் வளர்ந்தவன். இங்கே பல பள்ளிகளில் சீன இசைக்குழு ஓர் இணைப்பாட நடவடிக்கை. உயர்நிலை ஒன்றில் அதில் சேர்ந்தேன். செல்லோவுக்கு ஆள் குறைவாக இருந்ததால் என்னை அங்கே உட்கார வைத்தார்கள். படிப்பு முடிந்த பிறகும் அதை விட முடியவில்லை. 20 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமூகக் குழுவில் வாசித்து வருகிறேன். அதனால் கீழ்ஸ்தாயி வாத்தியங்களைப் பற்றி வாசித்தவனாகச் சொல்கிறேன். காற்று வாத்தியங்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவற்றுக்கு முன்னால் உட்கார்ந்து வருடக்கணக்கில் கேட்டவன் சொல்வது. பழைய சீன இசை நூல்களை மூலத்தில் படிக்கும் அளவுக்கு எனக்கு மொழி போதாது. அந்த இடங்களில் ஆய்வாளர்கள் பொதுவாக ஒப்புக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

சரி, நேரடி பதில். நீங்கள் பார்த்த அந்தக் குழு அமைப்புக்கு விதை விழுந்து நூறு ஆண்டுதான் ஆகிறது. இன்றைய முழு வடிவம் 1950களில் வந்தது. அதற்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. சீனாவில் மின்யுவே, அதாவது தேசிய இன இசை. தைவானில் குவோயுவே, நாட்டின் இசை. ஹாங்காங்கில் ஜொங்யுவே. எங்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஹுவாயுவே, சீன வம்சாவளியினரின் இசை. நான்கு பெயரும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குழுவைத்தான் குறிக்கின்றன. இசை எப்படிப்பட்டது என்பதைவிட, “இது யாருடைய இசை” என்பதைத்தான் நான்கு பெயரும் சொல்கின்றன. இந்தக் குழு பிறந்த காரணமும் அதுவேதான்.

பெரிய குழு என்பதே மேற்கிலிருந்து வந்ததா என்றால், இல்லை. வாத்தியங்களை அவை செய்யப்படும் பொருளை வைத்து உலோகம், கல், பட்டு, மூங்கில், சுரைக்காய், மண், தோல், மரம் என்று எட்டாகப் பிரித்த பண்டைய முறை சீனாவில் உண்டு. ஹூபெய் மாநிலத்தில் 1978இல் தோண்டியெடுத்த ட்ஸெங் நாட்டு யி பிரபுவின் கல்லறை கி.மு. 433ஐ ஒட்டியது. அதில் 65 வெண்கல மணிகள் சட்டத்தில் தொங்கிய நிலையிலேயே கிடைத்தன. ஒவ்வொரு மணியிலும் நடுவில் தட்டினால் ஒரு சுரம், பக்கவாட்டில் தட்டினால் வேறொரு சுரம் வரும்படி வார்த்திருக்கிறார்கள். டாங் வம்ச அரசவையிலும் பெரிய குழுக்கள் இருந்தன. ஆனால் அவற்றிலிருந்து இன்றைய குழுவுக்கு நேர்க்கோடு போட முடியாது. அரசவை வாசிப்பு முறை வழிவழியாகக் கைமாறி இன்றைய மேடைக்கு வந்து சேரவில்லை. மணிகளின் படத்தைப் போட்டு “2,400 ஆண்டு பழமையான சீன இசைக்குழு” என்று எழுதும் விளம்பரங்களை அதனால் நம்ப வேண்டாம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஊர்களில் உயிரோடு இருந்தவை சிறிய குழுக்கள். ஷாங்காய்ப் பகுதியின் ஜியாங்னான் ஸிஜூ அவற்றில் ஒன்று. ஸிஜூ என்றால் பட்டும் மூங்கிலும். பட்டு என்பது தந்தி, மூங்கில் என்பது குழல். ஐந்தாறு பேர், அதிகம் போனால் பத்துப் பேர், தேநீர்க்கடையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். ஷாங்காய் யூ தோட்டத்துக்கு அருகே குளத்தின் நடுவில் இருக்கும் ஹுஷின்திங் தேநீர்க்கடை இதற்குப் பேர்போனது. யாரும் நடத்துவதில்லை, யாரும் கேட்பவர்களைப் பார்த்து உட்காருவதும் இல்லை. எல்லாரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள், ஆனால் எந்த இருவரும் ஒரே மாதிரி வாசிக்க மாட்டார்கள். குழல்காரர் நீண்ட சுரத்தில் நின்றால், பீபாக்காரர் அந்த இடைவெளியில் சிறு சுரங்களைத் தூவுவார். அவர் அடர்த்தியாகப் போகும்போது எர்ஹுக்காரர் மெட்டின் எலும்புக்கூட்டை மட்டும் வாசிப்பார். இதற்கு அவர்கள் சொல்லும் சொல் ஜியாஹுவா, பூச்சேர்ப்பது. “நீ நெருக்கினால் நான் எளிமை, நீ எளிமையானால் நான் நெருக்கம்” என்பதுதான் அவர்களுக்குள் பேசிக்கொள்ளும் விதி. கூடவே, நான்காம் சுரம் கொஞ்சம் ஏறி, ஏழாம் சுரம் கொஞ்சம் இறங்கி நிற்கும். பியானோவில் அந்தச் சுரங்களைத் தேடினால் இரண்டு கட்டைகளுக்கு இடையில் எங்கோ இருக்கும்.

அந்த மேசையை மேடையாக்கும் முயற்சி 1920இல் ஷாங்காயில் தொடங்கியது. ஜெங் ஜின்வென் என்பவர் தாதொங் என்ற இசைச் சங்கத்தை நிறுவி, வாத்தியங்களைச் சேர்த்து, பழைய வாத்தியங்களைத் திரும்பச் செய்வித்து, ஒரு பெரிய குழுவை உருவாக்கப் பாடுபட்டார். பீபாவில் தனியாக வாசித்துவந்த ஒரு பழைய பாட்டை 1925இல் அந்தச் சங்கத்தார் பல வாத்தியங்களுக்குப் பிரித்து அமைத்தார்கள். வசந்த கால ஆற்றங்கரையில் பூவும் நிலவுமான இரவு என்ற பெயரில் இன்றும் எல்லாக் குழுக்களும் வாசிப்பது அதுதான். அதே காலத்தில் பீகிங் பல்கலைக்கழகத்தில் லியூ தியான்ஹுவா எர்ஹு கற்றுக்கொடுத்தார். அதுவரை நாடகக் கொட்டகையிலும் தெருவிலும் பக்கவாத்தியமாகக் கிடந்த எர்ஹுவை அவர் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். தானே வயலின் பயின்று, அதன் விரல்நிலைகளையும் வில் பயிற்சிகளையும் பார்த்து எர்ஹுவுக்குப் பாடத்திட்டம் வகுத்தார். 10 தனி உருப்படிகள் எழுதினார். 1932இல் 37 வயதில் இறந்துவிட்டார். கற்றுக்கொடுக்கத் தகுந்த வாத்தியமாக எர்ஹு இன்று நிற்பதற்கு அவரைவிடப் பெரிய காரணம் யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

அதற்குப் பின்னால் இருந்த மனநிலையையும் புரிந்துகொள்ள வேண்டும். ஷாங்காயில் ஐரோப்பியர்களுக்காக 1879இல் தொடங்கிய வாத்தியக்குழு, பிறகு முழுச் சிம்பொனியாக வளர்ந்து அந்த ஊரிலேயே வாசித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட இளைஞர்களுக்கு, “நம் இசை ஏன் தேநீர்க்கடையோடு நிற்கிறது?” என்ற கேள்வி வலித்தது. நாடு போரிலும் கடனிலும் நொறுங்கிக் கிடந்த காலம். இசையையும் நிமிர்த்தி நிறுத்த வேண்டும் என்று நினைத்தார்கள். அவர்கள் மேற்கை விரும்பி நகலெடுத்தார்கள் என்று சொல்வது பாதிதான் சரி. மேற்குக்கு முன்னால் தலைகுனிய வேண்டாம் என்ற பிடிவாதத்தில் எடுத்தார்கள்.

1935இல் நாஞ்ஜிங் வானொலி நிலையத்தில் சம்பளத்துக்கு வாசிக்கும் சீனக் குழு அமைந்தது. 1949க்குப் பிறகு வேகம் கூடியது. 1952இல் ஷாங்காய்க் குழு, 1953இல் பெய்ஜிங்கில் ஒலிபரப்புக் குழு, 1960இல் மத்தியக் குழு என்று அரசே அமைத்தது. ஒலிபரப்புக் குழுவை நடத்திய பெங் ஷியூவென்தான் இன்றைய இருக்கை முறையையும் இசையமைப்பு முறையையும் பெருமளவு நிலைநிறுத்தியவர். இடப்பக்கம் வில் வாத்தியங்கள், நடுவில் மீட்டும் வாத்தியங்கள், அவற்றுக்குப் பின் காற்று வாத்தியங்கள், கடைசியில் தாளம். ஹாங்காங் 1977, தைபே 1979, எங்கள் சிங்கப்பூர்த் தொழில்முறைக் குழு 1996 என்று பிறகு பரவியது. ஒரு முழுக் குழுவில் ஏறத்தாழ 80 பேர் இருப்பார்கள். மேற்கத்தியக் குழுவில் ஓபோ என்ற ஊதுகுழல் சுருதி கொடுக்கும். இங்கே பெரும்பாலும் ஷெங் கொடுக்கும். கச்சேரி தொடங்கும் முன் அந்த வாய் ஆர்கனின் ஒரு நீண்ட சுரம் அரங்கில் பரவுவதுதான் இந்த இசையில் எனக்கு மிகப் பிடித்த நொடி.

இப்போது செல்லோவுக்கு வருகிறேன். எர்ஹுவுக்கு இரண்டே தந்திகள். அதன் கீழ்த்தந்தி, பியானோவின் நடு ஸி கட்டைக்கு ஒரு முழுச் சுரம் மேலே நிற்கிறது. அதைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் ஜொங்ஹுவை 1940களில்தான் உருவாக்கினார்கள். அதன் கீழ்த்தந்தியும் வழக்கமாக வயலினின் கடைசித் தந்தி நிற்கும் இடத்திலேயே நின்றுவிடும். மேலே போக காவ்ஹு இருக்கிறது. தென்சீனாவின் காண்டனீஸ் இசைக்காரர் லூ வென்செங் 1920களில் எர்ஹுவுக்கு எஃகுத் தந்தி போட்டு, சுருதி ஏற்றி, முழங்கால்களுக்கு இடையில் இடுக்கி வாசித்து உண்டாக்கியது அது. ஆக, வில் வாத்தியங்கள் எல்லாம் மேல்மாடியில் கூடி நிற்கின்றன, தரைத்தளத்தில் ஆள் இல்லை. தேநீர்க்கடையில் இது ஒரு குறையே இல்லை. எல்லாரும் ஒரே மெட்டை வாசிக்கும் இசைக்கு அடித்தளம் எதற்கு? ஹார்மனி, அதாவது வெவ்வேறு சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் இசை, எழுதத் தொடங்கியதும்தான் தரை இல்லாதது தெரிந்தது.

தரையைத் தாங்களே கட்டப் பார்த்தார்கள். 1950களில் யாங் யூசென் என்பவர் கெஹு என்ற வாத்தியத்தை வடிவமைத்தார். நான்கு தந்தி, செல்லோவின் அதே சுருதி, ஆனால் உடல் மட்டும் பெரிய மேளம் போன்றது, தோல் போர்த்தியது. ஒலியில் எர்ஹுவின் சாயல் இருக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அவ்வளவு பெரிய தோல் காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தளரும், இறுகும். கீழ்ச்சுரங்களில் குரல் வலுவாக நிற்காது. செய்பவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும் குறைவு. இன்னொரு பக்கம் இசைக்கல்லூரிகளிலிருந்து செல்லோ படித்தவர்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலான குழுக்கள் செல்லோவையும் டபுள் பாஸையுமே வைத்துக்கொண்டன. ஹாங்காங் குழுவோ கெஹுவை விடாமல் பிடித்துத் திருத்திக்கொண்டே வருகிறது. ஆக, நீங்கள் பார்த்த செல்லோ அலங்காரத்துக்கு வந்ததில்லை. ஒரு சீன வாத்தியம் நிரப்ப வேண்டிய இடத்தில், அந்த வாத்தியம் இன்னும் முழுமையடையாததால் உட்கார்ந்திருக்கிறது.

உட்கார்ந்திருப்பவனாக ஒன்று சொல்கிறேன். முதல் நாள் என் கையில் வந்த தாளில் ஐந்து கோடுகள் இல்லை, எண்கள்தான் இருந்தன. 1 என்றால் ச, 2 என்றால் ரி என்கிற மாதிரி. மேலே புள்ளி வைத்தால் மேல்ஸ்தாயி, கீழே கோடு போட்டால் பாதிக் காலம். சீனக் குழுக்களில் செல்லோக்காரர்களும் அதைப் படிக்கப் பழக வேண்டும். அப்புறம், எங்கள் இசை நடத்துநர் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னது, “எர்ஹுவைக் கேட்டு வாசி” என்பதுதான். எர்ஹுவில் விரல்பலகையே கிடையாது. விரல் தந்தியை அந்தரத்தில் அழுத்துகிறது. வில்லின் முடி இரண்டு தந்திகளுக்கும் இடையில் மாட்டியிருக்கும், வெளியே எடுக்க முடியாது. அதனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும் வழி முழுக்கக் காதில் விழும். கமகத்தோடு வளர்ந்த நம் காதுக்கு அது உடனே பிடிபடும். அந்த வழுக்கலுக்குக் கீழே செல்லோ கறாராக நேர்ச்சுரம் வாசித்தால் இரண்டும் ஒட்டாது. நாங்களும் கொஞ்சம் வழுக்க வேண்டும், அதிர்வைக் குறைக்க வேண்டும், வில்லை மெல்ல ஊன்ற வேண்டும். நல்ல சீனக் குழுவின் செல்லோவும் சிம்பொனியின் செல்லோவும் ஒரே கடையில் வாங்கியதாக இருக்கலாம், வாசிப்பு ஒன்றில்லை.

இனி இரண்டாவது கேள்வி. பெரிய குழுவுக்காக வாத்தியங்கள் தங்களை எவ்வளவு மாற்றிக்கொண்டன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எர்ஹு, பீபா, குஜெங் என்ற நீளமான பலதந்தி வாத்தியம் எல்லாம் பட்டுத் தந்தியோடு இருந்தவை. 1950களில் தொடங்கி எஃகு வந்தது. ஒலி உரத்தது, சுருதி நிலைத்தது, பட்டின் சற்றே கரகரத்த, உள்ளொடுங்கிய குரல் போயிற்று. பீபாவில் வீணைத் தண்டில் இருப்பதுபோல மெட்டுகள் உண்டு. பழைய பீபாவில் அவை குறைவு, இடைவெளியும் ஒழுங்கில்லாதது. இப்போது 30 வரை வைத்து, பியானோவைப்போல அரைச் சுரங்களாகச் சமமாகப் பிரித்திருக்கிறார்கள். குஜெங்கில் 21 தந்தி வழக்கமானது. ருவான் என்ற வட்ட வடிவ வாத்தியம் ஏறக்குறைய வழக்கொழிந்திருந்தது. அதைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஒரு குடும்பமாகவே புதிதாகச் செய்தார்கள். பெரிய ருவானான தாருவான் செல்லோவின் ஆழத்துக்கு இறங்கும், ஆனால் மீட்டும் வாத்தியமாதலால் சுரத்தை நீட்டிப் பிடிக்க முடியாது. பாரம்பரிய ஷெங்கில் 17 குழாய்கள். இன்றைய மேடை ஷெங்கில் அது 36, 37 என்று பெருகி, விசைகளும் சேர்ந்துவிட்டன.

சமமாகப் பிரித்த 12 சுர முறையை “மேற்கத்தியது” என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். அதற்குரிய கணக்கைத் துல்லியமாகப் போட்டுக் காட்டியவர்களில் முதலில் வருபவர் மிங் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஜு ட்ஸாய்யூ, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். கணக்கு சீனாவில் இருந்தது, வழக்கத்தில் அது ஏறவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ஹார்மனியோடு சேர்ந்து அது வேறு வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. அது வந்த இடத்திலெல்லாம் அந்த ஏறி நிற்கும் நான்காம் சுரமும் இறங்கி நிற்கும் ஏழாம் சுரமும் மெல்ல நேராக்கப்பட்டன. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. காண்டனீஸ் இசையில் சோகத்துக்கென்றே இந்தச் சுரங்களை வைத்து ஒரு பண் இருக்கிறது. 80 பேர் சேர்ந்து வாசிக்கும்போது அது நெளிந்துபோகிறது.

இந்த மாற்றத்தை ஒரே பாட்டில் கேட்க வேண்டுமானால் ஆபிங்கைக் கேளுங்கள். இயற்பெயர் ஹுவா யான்ஜுன். வூஷி ஊரின் பார்வையற்ற தெருப்பாடகர். 1950இல் யாங் யின்லியூ, ட்ஸாவ் அன்ஹே என்ற இரு ஆய்வாளர்கள் கம்பி ஒலிப்பதிவுக் கருவியோடு அவரைத் தேடிப் போய் ஆறு உருப்படிகள் பதிவு செய்தார்கள், எர்ஹுவில் மூன்று, பீபாவில் மூன்று. அதே ஆண்டு இறுதியில் அவர் இறந்துவிட்டார். அந்த ஆறில் ஒன்று இரண்டாம் ஊற்றில் தெரியும் நிலவு என்ற பெயரோடு இன்று சீன இசையின் முகமாகவே இருக்கிறது. பதிவில் தடித்த பட்டுத் தந்தி, தாழ்ந்த சுருதி. வில் அழுத்தமும் விடுதலையும் மூச்சுபோல வரும், காலக்கணக்கு நேராக நிற்காது. பிறகு அதே பாட்டை எஃகுத் தந்தி எர்ஹுவில், முழுக் குழுவின் துணையோடு கேளுங்கள். அழகாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஆபிங் வேறு வேறு மாதிரி போன பாதை, தாளில் எழுதிய பிறகு ஒரே பாதையாகிவிட்டது. குழு சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினால் பூச்சேர்ப்பது நின்றுபோகும். இந்தக் குழு கொடுத்த விலையில் பெரிய பங்கு இதுதான் என்று நினைக்கிறேன். செல்லோ வந்தது இதோடு பார்த்தால் சின்ன விஷயம்.

கலவைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். வயலின் குடும்பம் ஒரே மரத்தின் கிளைகள்போலச் செய்யப்பட்டது, அதனால் ஒன்றோடொன்று கரையும். சீன வாத்தியங்கள் தனித்தனி ஊரில், தனித்தனித் தேவைக்கு வளர்ந்தவை. சுவோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். சீவாளி வைத்த வாத்தியம், மேற்காசியாவின் சுர்னா வழி வந்தது, ஷெனாய்க்கு உறவு. வட சீனக் கிராமங்களில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் திறந்த வெளியில் ஊதுவது. நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் வீச்சு தெரியும். அதை அரங்குக்குள் ஒரு பீபாவின் பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? டிஸி என்ற குறுக்குக் குழலில் நாணலின் உள்சவ்வை ஒரு துளையில் ஒட்டுவார்கள். பூண்டுச் சாறு தடவி ஒட்டுபவர்களும் உண்டு. அந்தச் சவ்வின் ரீங்காரம்தான் அதன் உயிர், ஆனால் அந்த ரீங்காரம் எந்தக் கூட்டத்திலும் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கும். கூச்சின் என்ற ஏழு தந்தி வாத்தியமோ இதற்கு நேர் எதிர். படித்தவர்கள் தனி அறையில் தங்களுக்காக வாசித்தது. 1977இல் வாயேஜர் விண்கலத்தோடு அனுப்பிய இசைத்தட்டில் குவான் பிங்ஹு வாசித்த கூச்சின் இடம்பெற்றது. அதற்குப் பெரிய குழுவில் வழக்கமான இருக்கை கிடையாது. நல்லவேளை என்றே சொல்வேன். அதைக் கத்த வைத்திருந்தால் அழித்திருப்பார்கள்.

அப்படியானால் இந்தக் குழு தோல்வியா என்று கேட்டால், உறுதியாக இல்லை என்பேன். எதை எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெங் ஷியூவென் ரஷ்ய இசையமைப்பாளர் முஸோர்க்ஸ்கியின் ‘கண்காட்சியில் ஓவியங்கள்’ படைப்பைச் சீனக் குழுவுக்கு மாற்றி அமைத்தார். எங்களாலும் முடியும் என்று காட்டியது அது. கேட்க வியப்பாக இருக்கும், ஆனால் கேட்டு முடித்ததும் மூலத்தைத்தான் மனம் தேடும். அவரே 1984இல் சின் காலச் சுடுமண் வீரர்களை வைத்து எழுதிய கற்பனைக்கோவை வேறு ரகம். வீட்டை நினைக்கும் போர்வீரனின் ஏக்கத்தை எந்தச் சிம்பொனியாலும் அந்த நிறத்தில் சொல்ல முடியாது. லியூ வென்ஜின் 1982இல் எழுதி மின் ஹுயிஃபென் எர்ஹுவில் வாசித்த பெருஞ்சுவர்ப் படைப்பும் அப்படித்தான். தனியாக நிற்கும் ஒற்றை எர்ஹுவுக்குப் பின்னால் அந்த 80 பேரும் இல்லாவிட்டால் சுவர் எழும்பாது. மீட்டும் வாத்தியங்களின் கூட்டம் இந்தக் குழுவுக்கு மட்டுமே உரிய சொத்து. இருபது முப்பது பேர் பீபா, லியூச்சின், ருவான், யாங்சின் என்று ஒரே நேரத்தில் நடுக்கித் தட்டும்போது வரும் மினுமினுப்பு மேற்கத்தியக் குழுவில் கிடையவே கிடையாது. வயலின் வரிகளை அப்படியே எர்ஹுவுக்குக் கொடுக்கும் இசையமைப்பாளர்கள் இதை வீணடிக்கிறார்கள். உங்கள் காணொளி சிம்பொனிபோல ஒலித்திருந்தால், பெரும்பாலும் காரணம் வாத்தியங்களில் இருக்காது, எழுதியவரிடம் இருக்கும்.

மாற்றம் நின்றுவிடவும் இல்லை. எர்ஹுவில் போர்த்துவது மலைப்பாம்புத் தோல். எல்லை தாண்டிக் கொண்டுபோக வேண்டுமானால், அழியும் உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் ஆவணம் வேண்டும். ஹாங்காங் குழுவில் யுவென் ஷி-ச்சுன் தோலுக்குப் பதில் பாலியெஸ்டர் சவ்வு போட்ட வாத்தியங்களை உருவாக்கினார். 2009 முதல் அந்தக் குழு தன் வில் வாத்தியங்கள் முழுவதையும் அப்படி மாற்றிவிட்டது. தோலின் குரல் வராது என்பவர்கள் உண்டு. என் காதுக்குத் தனி எர்ஹுவில் வித்தியாசம் தெரிகிறது, பிரிவாகச் சேர்ந்து வாசிக்கும்போது தெரியவில்லை. எங்கள் ஊர் ஈரப்பதத்தில் வெளியே தளர்ந்து, குளிர்சாதன அரங்கில் இறுகி, கச்சேரி பாதியில் குரல் மாறும் தோல் எர்ஹுவோடு மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்துவருகிறேன். அவர்களுக்கு இது சின்ன நிம்மதி இல்லை.

இன்னும் விவாதத்தில் இருப்பவற்றைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். “எர்ஹு ஆயிரம் ஆண்டு பழமையானது” என்பார்கள். இரண்டு தந்தி வாத்தியமான ஷிச்சின் சோங் வம்ச காலத்து இசைநூலில் படத்தோடு வருகிறது என்பது உறுதி. அதைத் தந்திகளுக்கு இடையில் மூங்கில் சீவலால் உரசி வாசித்தார்கள். அதே காலத்து அறிஞர் ஷென் குவோவின் கவிதையில் குதிரைமுடி ஹுசின் என்ற வாத்தியம் வருவதும் உறுதி. ஹு என்ற சொல்லே வடக்கு, மேற்கு எல்லைக்கு அப்பால் இருந்த மக்களைக் குறித்தது. அந்த ஷிச்சின்தான் இன்றைய எர்ஹுவுக்கு நேர் மூதாதையா, புல்வெளி மக்களின் வில் வாத்தியம் தனியாக வந்து கலந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. எர்ஹு என்ற பெயர் நிலைத்ததே 20ஆம் நூற்றாண்டில்தான். அதேபோல, பண்டைய மணிகளை வைத்து அந்தக் காலத்திலேயே ஹார்மனி இருந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. மணிகள் அதற்கு இடம் கொடுக்கின்றன என்பதுவரை சரி. அப்படி வாசித்தார்கள் என்பதற்கு மணிகளே சாட்சியாகிவிடாது.

நீங்கள் மேற்கொண்டு கேட்க விரும்பினால், முதலில் ஆபிங்கின் 1950 பதிவு, பிறகு ஏதாவது ஒரு தேநீர்க்கடை ஸிஜூ குழு, அதற்குப் பிறகு பெங்கின் சுடுமண் வீரர்கள் என்று இந்த வரிசையில் போங்கள். ஸிஜூ கேட்கும்போது முதல் தடவை குழலை மட்டும் பின்தொடருங்கள், இரண்டாம் தடவை பீபாவை மட்டும். ஒரே மெட்டு இரண்டு வழியாகப் போவது தானாகப் பிடிபடும். சுடுமண் வீரர்களுக்கு நல்ல ஹெட்ஃபோன் தேவை. ஃபோன் ஸ்பீக்கரில் தாருவானின் கீழ்த்தந்தியும் எங்கள் செல்லோ வரிசையும் வரவே வராது.